இரண்டாம் முறை வருகிற பிள்ளைகள்

மருத்துவக் கல்லூரியில் சேரும் பிள்ளை முதலாண்டில் இரண்டு இடங்களில் பாடம் படிக்கிறது. ஒன்று, ஃபார்மலின் வாடை அடிக்கும் உடற்கூறியல் கூடம். இன்னொன்று, கல்லூரியிலிருந்து பஸ் ஏறிப் போய் உட்காரும் ஒரு கிராமத்து வீட்டுத் திண்ணை. முதலாவதை எல்லாருக்கும் தெரியும், சினிமாவிலேயே காட்டிவிட்டார்கள். இரண்டாவது, பிள்ளையைப் பெற்றவர்களுக்கே பல நேரம் தெரியாது. "டாக்டருக்குப் படிக்க அனுப்புனா வீடு வீடாக் கணக்கெடுக்க விடுறீங்களாமே?" என்று போனில் என்னிடம் சண்டை பிடித்த அப்பாக்கள் உண்டு.

நான் டாக்டர் இல்லை. தென்மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில், சமூக மருத்துவத் துறையில், மருத்துவ சமூகப் பணியாளர். எம்.எஸ்.டபிள்யூ. படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தேன். ஓய்வு பெறும் வயது நெருங்கிவிட்டது. மாணவர்களை ஊருக்குக் கூட்டிப் போவது, ஊர்க்காரர்களிடம் அறிமுகம் செய்துவைப்பது, யார் வீட்டில் யார் போனால் சரிப்படும் என்று பார்த்து அனுப்புவது, வெயிலில் மயங்கி விழுகிற பிள்ளைக்கு மோர் வாங்கிக் கொடுப்பது வரை என் பாடு. கல்லூரியில் என்னை 'மேடம்' என்பார்கள். ஊரில் 'டீச்சர்'. எங்களுக்கு ஒதுக்கியவை கரிசல் காட்டுக் கிராமங்கள்: மழை பெய்தால் உளுந்து, பாசி, மக்காச்சோளம், பெய்யாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ்.

வகுப்பறைக்கு வெளியே படிப்பது என்றதும் ஊருக்குப் போவதைத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். போவதில் பெரிய படிப்பு ஒன்றுமில்லை. போன வீட்டுக்கே திரும்பப் போவதில்தான் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் நான் தெரிந்துகொண்டது இதுதான்.

விதி என்ன சொல்கிறது

தேசிய மருத்துவ ஆணையம் 2021–22ஆம் கல்வியாண்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்கள் தொடங்கி குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தைக் கட்டாயமாக்கியது. ஒவ்வொரு மாணவருக்கும் குறைந்தது மூன்று குடும்பங்கள், முடிந்தால் ஐந்து. முதலாண்டில் 27 மணி நேரம், இரண்டாமாண்டில் 30, மூன்றாமாண்டில் 21. ஆக மொத்தம் 78 மணி நேரம் அதே குடும்பங்களோடு இருக்க வேண்டும். படிப்பு முடிந்தபின் ஹவுஸ் சர்ஜனாக இருக்கும் ஓராண்டில் 12 வாரம் சமூக மருத்துவத்துக்கு. அப்போது ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை.

யோசனை பழையதுதான். சுதந்திரத்துக்கு முன்பே, சர் ஜோசப் போர் தலைமையிலான குழு 1946இல் கொடுத்த அறிக்கையில், மருத்துவ மாணவர் மூன்று மாதம் நோய்த்தடுப்பும் சமூக மருத்துவமும் பயில வேண்டும் என்று எழுதியது. 1975இல் ஸ்ரீவாஸ்தவ் குழு இன்னும் அழுத்திச் சொல்ல, 1977இல் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் மூன்று வட்டாரங்களைப் பொறுப்பேற்கும் திட்டம் வந்தது. சேவாகிராமத்தில் 1969இல் சுசீலா நய்யார் தொடங்கிய மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரியில் ஒவ்வோர் ஆண்டு மாணவர்களும் ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்கிறார்கள். முதலில் அங்கேயே முகாம் போட்டுத் தங்கி, பிறகு அதே குடும்பங்களைத் தொடர்ந்து பார்க்கிறார்கள். நம் வேலூர் சி.எம்.சி.யிலும் முதலாண்டு மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் படிப்பது பல காலமாக நடக்கிறது. நாடு முழுக்க இன்றைக்கு விதியாகியிருப்பது இவர்கள் முன்பே செய்துகாட்டியதுதான்.

பத்தரை மணி பஸ்

காகிதத்தில் 78 மணி நேரம் என்று எழுதிவிடலாம். எந்த 78 மணி நேரம் என்பதில்தான் சிக்கல்.

கல்லூரி பஸ் ஊருக்குள் நுழையும்போது பத்தரை மணி. தீப்பெட்டி ஆபீஸ் வேன் ஏழரைக்கே வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போயிருக்கும். மிச்சப் பேர் நூறு நாள் வேலைக்குக் கண்மாய்ப் பக்கம். வீட்டில் இருப்பது ஆச்சியும் தாத்தாவும் அங்கன்வாடிக்குப் போக மறுத்த ஒரு குழந்தையும். மாணவர் படிவத்தை எடுத்து, "உங்க மருமகளுக்குக் கடைசிப் பிரசவம் எங்க நடந்துச்சு?" என்று கேட்பார். ஆச்சிக்குக் காது கேட்காது. படிவம் மட்டும் நிறைந்துவிடும்.

முதல் வருகையில் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் மரியாதைக்குச் சொல்லப்படுபவை. வெள்ளைக் கோட்டு போட்ட பிள்ளை வெயிலில் வந்து நிற்கிறதே என்று, அதற்குப் பிடித்த பதிலைச் சொல்லி அனுப்புவார்கள். மாத்திரை போடுகிறீர்களா? போடுறேன் கண்ணு. கக்கூஸ் உபயோகிக்கிறீர்களா? ஆமாய்யா. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறீர்களா? அதெல்லாம் காய்ச்சித்தான். இதை அப்படியே எழுதிக்கொண்டு போனால் எங்கள் ஊர்கள் சுவிட்சர்லாந்து மாதிரி தெரியும்.

அதனால் முதல் தடவை போகும்போது படிவத்தைப் பையிலேயே வைக்கச் சொல்லிவிடுவேன். முதலில் ஊர்ப் படம். சாவடி முன்னால் கோலப்பொடியைக் கொடுத்து, ஊரை வரைந்துகாட்டுங்கள் என்று பெண்களிடம் கேட்பது. கோயில், தண்ணித் தொட்டி, ரேஷன் கடை, சாராயம் விற்கிற இடம் எல்லாம் வரும். எந்தத் தெருவுக்குக் குழாய் வரவில்லை, எந்தத் தெருவை மற்றவர்கள் வரையாமலே விட்டுவிட்டார்கள் என்பதும் தெரிந்துபோகும். வரைபடத்தில் விடுபட்ட தெருவுக்குத்தான் நாங்கள் முதலில் போவோம்.

அடுத்து அடுப்படி. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி ஒருவர் ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் நிற்க வேண்டும். நாலு பேர் வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வரணும். ஒரு வீட்டில் "மாசம் ரெண்டு பாக்கெட்" என்றார்கள். மாணவன் கணக்குப் போட்டு ஆளுக்கு 16 கிராமுக்கு மேல் என்று அதிர்ந்துபோனான். அந்த வீட்டு ஆச்சி சிரித்துவிட்டார். "எய்யா, மோர் மிளகா யார் போடுவா? ஊறுகா யார் போடுவா? மாட்டுக் கழனித் தொட்டியில தெனம் ஒரு கை போடுறனே, அது உன் கணக்குல வருமா?" மாட்டையும் மிளகாயையும் கழித்துவிட்டுப் பார்த்தாலும் உப்பு கூடுதல்தான். ஆனால் கழிக்கத் தெரிந்தபின் அந்த மாணவன் எந்த வீட்டிலும் கேள்வியைத் திண்ணையில் இருந்து கேட்கவில்லை. அனுமதி வாங்கி அடுப்படி வாசலில் போய் உட்கார்ந்தான்.

மாத்திரை டப்பா

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஊர்ப் பெண்களே சுகாதாரத் தன்னார்வலர்களாக இருந்து கொண்டுவந்து தருகிறார்கள். மாத்திரை கிடைக்கவில்லை என்ற பேச்சு எங்கள் ஊர்களில் குறைந்துவிட்டது. ஆனால் வந்த மாத்திரை வயிற்றுக்குள் போகிறதா?

ஒரு மாணவி தத்தெடுத்த வீட்டில் ஓர் ஆச்சிக்கு இரண்டு நோயும் உண்டு. முதல் முறை கேட்டபோது எல்லா மாத்திரையும் ஒழுங்காகப் போடுவதாகச் சொன்னார். இரண்டாம் முறையும் அதே. ஆனால் பிரஷர் மட்டும் இறங்கவில்லை. அடுத்த முறை மாணவி போனபோது ஆச்சி கீழே விழுந்து முட்டியைச் சிராய்த்திருந்தார். புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்டுவிட்டு, பேசிக்கொண்டே இருந்தாள். போகிற நேரத்தில் ஆச்சியே உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். பிரிக்காத அட்டைகள் நிறைய இருந்தன. "தலை சுத்தினா மட்டும் போட்டுக்கிடுவேன் தாயி. மிச்சத்தைச் சேத்து வெப்பேன். என் தங்கச்சிக்கும் பிரஷர்தான், அவ ஊருக்கு இந்த மாதிரிப் பிள்ளைக வர்றதில்ல. அவளுக்குப் பாதி குடுத்துருவேன்."

ரத்தக் கொதிப்பு பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் காட்டாது, தலை சுற்றவில்லை என்பதால் பிரஷர் இல்லை என்று ஆகாது என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஆச்சி மாத்திரையைச் சேர்த்துவைப்பது மறதியால் இல்லை, தங்கச்சி மேல் உள்ள பாசத்தால் என்பது புத்தகத்தில் இல்லை. அந்த மாணவி அறிவுரை சொல்லவில்லை. தங்கச்சி எந்த ஊர் என்று கேட்டு, அந்த ஊர்த் தன்னார்வலரிடம் பேசி அவர் பெயரையும் பட்டியலில் சேர்க்க வைத்தாள். அதன் பிறகுதான் ஆச்சி தன் மாத்திரையைத் தானே சாப்பிட ஆரம்பித்தார்.

இன்னொரு வீட்டில் தீப்பெட்டி ஆபீஸ் போகும் இளம்பெண்ணுக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு. மாணவன் பகலில் போனபோதெல்லாம் மாமியாரிடம் "நிறையத் தண்ணி குடிக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை செவிலியரோடு போனபோதுதான் அந்தப் பெண்ணையே பார்க்க முடிந்தது. அவர் வேண்டுமென்றேதான் தண்ணீர் குடிக்காமல் இருந்தார். வேலை செய்யுமிடத்தில் கக்கூஸுக்குக் கதவு சரியில்லை. வரிசையில் நிற்க வேண்டும். எண்ணிக்கைக்குக் கூலி என்பதால் நிற்கிற நேரமெல்லாம் காசு. மகளிர் குழுக் கூட்டத்தில் செவிலியர் இதை எடுத்துப் பேசியதும், பாதிப் பேர் தங்களுக்கும் அதே தொந்தரவு என்றார்கள். சிறுநீர்ப் பரிசோதனைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஏற்பாடானது. குழுப் பெண்கள் சேர்ந்து போய்க் கேட்டதில் அந்தக் கதவு சரியானது. அவ்வளவுதான், புரட்சி ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் "நிறையத் தண்ணி குடிங்க" என்று இனி யாரிடமும் சொல்லுமுன் அந்த மாணவன் இன்னொரு கேள்வி கேட்பான்.

பையைத் திறக்கும் முறை

ஊருக்கு வருகிறவர்கள் எதிர்கால டாக்டர்கள் மட்டும் இல்லை. நர்சிங் பிள்ளைகள் இவர்களுக்கு முன்பிருந்தே வருகிறார்கள். சமூக நலச் செவிலியம் அவர்கள் படிப்பிலேயே ஒரு பாடம். வீட்டுக்குள் போனதும் அவர்கள் செய்வதைப் பார்க்க வேண்டும். பையைத் தரையில் வைக்க மாட்டார்கள். செய்தித்தாளை விரித்து அதன்மேல் வைப்பார்கள். முதலில் சோப்பை எடுத்துக் கை கழுவுவார்கள்; பிறகு ஏப்ரன்; பிறகுதான் தெர்மாமீட்டரோ கட்டுத்துணியோ வெளியே வரும். வேலை முடிந்ததும் எல்லாம் துடைத்து, வந்த வரிசைக்கு மாறாக உள்ளே போகும். ஒரு வீட்டுக் கிருமி அடுத்த வீட்டுக்குப் போகாமல் இருக்கத்தான் இத்தனை ஒழுங்கும்.

எம்.பி.பி.எஸ். பிள்ளைகளை நான் முடிந்த மட்டும் நர்சிங் பிள்ளைகளோடு சேர்த்தே அனுப்புவேன். கை கழுவுவதைப் பற்றி விரிவுரை கேட்டவர்கள், கை கழுவுகிறவர்களைப் பார்க்கட்டும் என்றுதான். பிசியோதெரபி மாணவர் யாராவது கூட வந்தால் இன்னும் நல்லது. பக்கவாதம் வந்து கட்டிலில் கிடக்கும் தாத்தாவுக்கு டாக்டர் பிள்ளை பிரஷர் பார்க்கும். நர்சிங் பிள்ளை முதுகைத் திருப்பிப் படுக்கைப்புண் இருக்கிறதா என்று பார்க்கும். பிசியோ பிள்ளை, வீட்டில் இருக்கிற உத்தரத்தில் கயிறு கட்டித் தோள் பயிற்சிக்கு வழி செய்யும். ஆஸ்பத்திரியில் மூன்று துறைகளுக்கும் மூன்று மாடி.

தமிழ்நாட்டில் 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தபின் எங்கள் பஸ்ஸிலும் ஒரு மாற்றம். செருப்பை எங்கே கழற்றுவது, சொம்பில் தந்த தண்ணீரை எப்படிக் குடிப்பது, துக்க வீட்டில் என்ன பேசக் கூடாது என்று நகரத்துப் பிள்ளைகள் யாரைப் பார்த்துக் கற்கிறார்கள்? வகுப்பில் ஆங்கிலம் பேசத் தயங்கிப் பின்வரிசையில் உட்காரும் அதே பிள்ளையைப் பார்த்து. ஊரில் அந்தப் பிள்ளைதான் முன்னால் நடக்கும்.

முகாம் போட்டால் போதுமா

சேவை என்றவுடன் கல்லூரிகளுக்கு நினைவு வருவது இலவச மருத்துவ முகாம். பந்தல், பேனர், ஒலிபெருக்கி, மத்தியானம் தக்காளி சாதம். நானும் நிறைய நடத்தியிருக்கிறேன். கூட்டத்தைச் சமாளிப்பது, பதிவுச் சீட்டு எழுதுவது, வேகமாகப் பிரஷர் பார்ப்பது என்று மாணவர்களுக்குக் கைப்பழக்கம் வரும். அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது.

காரணம் மருத்துவத்திலேயே இருக்கிறது. ஒரு நாள் 140க்கு 90ஐத் தாண்டிவிட்டது என்பதால் மட்டும் ஒருவரை ரத்தக் கொதிப்பு நோயாளி என்று சொல்லிவிடுவதில்லை. வேறு நாட்களிலும் பார்த்து உறுதி செய்ய வேண்டும். காசநோய்க்கு மாத்திரை குறைந்தது ஆறு மாதம். கர்ப்பிணிக்கு இரும்புச்சத்து மாத்திரை 180 நாள். மலம் கறுப்பாகப் போகிறதே என்று பயந்து அவர் நிறுத்துவது பெரும்பாலும் முதல் வாரத்தில். டெங்கு கொசு முட்டையிலிருந்து கொசுவாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள். சிமெண்ட் தொட்டி, பழைய டயர், சிரட்டை, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும் தட்டு எல்லாவற்றையும் மாணவர்கள் இன்று கவிழ்த்துவிட்டு வந்தால், அடுத்த வாரம் திரும்ப ஒரு நடை போக வேண்டும். தொட்டியைத் தேய்த்துக் கழுவாவிட்டால் சுவரில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும்.

ஒரே நாளில் முடிகிற நோய் இதில் எதுவும் இல்லை. ஒரு நாள் முகாமில் "உங்களுக்கு சுகர் இருக்கும்போலத் தெரியுது" என்று சொல்லிவிட்டு பந்தலைப் பிரித்துக்கொண்டு போனால், அந்த மனிதருக்கு மிஞ்சுவது பயம் மட்டுமே. முகாம் போடுவதானால் அடுத்த மாதம் அந்தப் பெயர்களைத் தேடிப் போக ஆள் இருக்க வேண்டும். இல்லையென்றால் பேனர் செலவை மிச்சம் பிடித்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குச் சோப்பு வாங்கிக் கொடுக்கலாம்.

வேறு எங்கே கற்கலாம்

பாடத்திட்டம் கட்டாயப்படுத்தாத வழிகளும் இருக்கின்றன. நாட்டு நலப்பணித் திட்டம் 1969 முதல் இருக்கிறது. ஆண்டுக்கு 120 மணி நேரம், ஏழு நாள் சிறப்பு முகாம். நர்சிங், பார்மசி, பல் மருத்துவம் என எந்தப் பிரிவு மாணவரும் சேரலாம். ஆராய்ச்சியில் ஆசை உள்ள எம்.பி.பி.எஸ். மாணவருக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் குறுகிய கால உதவித்தொகை 1979இலிருந்து உண்டு. ஓர் ஆசிரியர் வழிகாட்ட, இரண்டு மாதத்தில் சிறிய ஆய்வு ஒன்றைத் தானே செய்து முடிக்கலாம். தத்தெடுத்த ஊரில் தோன்றிய ஒரு சந்தேகமே ஆய்வுக் கேள்வியாக வந்தால் அதைவிட நல்லது இல்லை.

என்னைக் கேட்டால், ஒவ்வொரு மாணவரும் கொஞ்ச நாளாவது வலி தணிப்பு மருத்துவத்தில் தொண்டராக இருக்க வேண்டும் என்பேன். கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993இல் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் தொடங்கிய அந்தச் சிறு முயற்சி, கேரளம் முழுக்க ஊர்மக்களே தொண்டர்களாகி வீடு வீடாகப் போகும் அமைப்பாக வளர்ந்தது. நம் மாநிலத்திலும் வீட்டுக்கே வந்து நோயாளியைப் பார்க்கும் செவிலியர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு ஒரு நாள் போனால் போதும். குணப்படுத்த முடியாத நோயாளி முன்னால் ஒரு டாக்டர் என்ன செய்வது என்ற கேள்விக்கு அங்கே பதில் இருக்கிறது: வாய் துடைத்துவிடலாம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கலாம், வலிக்கு மருந்து தரலாம், இரவெல்லாம் விழித்திருந்த மகளை ஒரு மணி நேரம் தூங்க விடலாம்.

உங்கள் வீட்டுக்கு வந்தால்

கடைசியாக, ஊர்க்காரர்களுக்கும் நகரத்துக் குடியிருப்புகளில் இருப்பவர்களுக்கும். மாணவர்கள் கதவைத் தட்டினால் எந்தக் கல்லூரி, கூட வந்திருக்கும் ஆசிரியர் யார் என்று கேளுங்கள். ஊர்ச் செவிலியர் அல்லது தன்னார்வலரோடு வந்தால் நம்பலாம். பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. முடியாது என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆதார் எண்ணோ வங்கிக் கணக்கோ அவர்கள் படிப்புக்குத் தேவையில்லை. கேட்காமல் போட்டோ எடுத்தால் கண்டியுங்கள். பிரஷரோ எடையோ பார்த்தால் அதைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். மருந்தை மாற்றச் சொன்னால் மாற்றாதீர்கள். அவர்கள் இன்னும் மாணவர்கள்தான். "அடுத்து எப்ப வருவீங்க?" என்று கட்டாயம் கேளுங்கள். தேதி சொல்லத் தெரியாத மாணவருக்கு அது உறைக்கட்டும்.

எங்கள் ஊர் ஒன்றில் ஒரு தாத்தா ஒவ்வொரு புது அணியிடமும் இதைத்தான் கேட்பார். "போன வருசம் வந்த பிள்ளைகளும் இதே கேள்வியத்தான் கேட்டாங்க. எழுதிக்கிட்டுப் போனாங்களே, என்ன ஆச்சு?" நியாயமான கேள்வி. ஊர் தன் நேரத்தைத் தருகிறது, தன் வீட்டு ரகசியத்தைத் தருகிறது, நாளைய டாக்டர் தடுமாறிக் கற்றுக்கொள்ளத் தன் கையை நீட்டுகிறது. இதற்கெல்லாம் கட்டணம் வாங்குவதில்லை. குறைந்தபட்சம் கணக்கு கேட்க அதற்கு உரிமை இருக்கிறது. அதனால் இப்போது ஆண்டு முடிவில், சேகரித்த விவரங்களை ஊர்ச் சாவடியில் வைத்து மாணவர்களே தமிழில் படித்துக்காட்ட வேண்டும் என்று எங்கள் துறையில் வழக்கமாக்கியிருக்கிறோம். எத்தனை பேருக்குச் சர்க்கரை, எந்தத் தெருவில் ரத்தசோகை அதிகம், யாரிடம் என்ன கேட்கலாம் என்பது வரை. ஆட்களின் பெயர் மட்டும் வராது.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. மாணவர்களின் பதிவேட்டில் ஆசிரியர் கையெழுத்துக்கு இடமிருக்கிறது. துறைத்தலைவர் கையெழுத்துக்கும் இருக்கிறது. தத்தெடுக்கப்பட்ட குடும்பத்துக்கு ஒரு வரியும் இல்லை. அந்த இடத்தைக் கேட்டு ஒவ்வொரு கூட்டத்திலும் பேசிக்கொண்டிருக்கிறேன். இரண்டே கேள்விகள் போதும்: இந்தப் பிள்ளை சொன்ன தேதிக்குத் திரும்ப வந்ததா? செய்கிறேன் என்று சொன்னதைச் செய்ததா? இரண்டுக்கும் 'ஆமாம்' என்று அந்த வீட்டுக்காரர் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காத வரை, 78 மணி நேரமும் முடிந்ததாக எழுதக் கூடாது.